இன்சூரன்ஸ் புரோக்கரைத் தேடுவதும் அவரோடு வேலை செய்வதும்: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் கடற்கரை ஊர்களில் 'புரோக்கர்' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. இராமேசுவரத்தில் மனை வாங்கப் போனாலும், கீழக்கரையிலிருந்து வளைகுடா நாட்டுக்கு விசா எடுக்கப் போனாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாசலில் நின்றாலும் இடையில் ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார்; வேலை முடிந்ததும் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார்; பிறகு நாம் கூப்பிட்டால் தொலைபேசியை எடுக்கமாட்டார். இந்த அனுபவத்தினால் இன்சூரன்ஸ் புரோக்கர் என்று கேட்டதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் இவர் சட்டத்தின் வழியாக உருவாக்கப்பட்ட வேறொரு வகையைச் சேர்ந்தவர். இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ என்ற ஆணையம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. அதன் தலைமையகம் ஹைதராபாத்தில் இருக்கிறது. அந்த ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற ஒரு நிறுவனம் மட்டுமே இன்சூரன்ஸ் புரோக்கராகத் தொழில் செய்யலாம். தனி ஆள் ஒருவர் தம்மைப் புரோக்கர் என்று சொல்லிக்கொண்டு பாலிசி விற்க முடியாது. அவர் ஒரு புரோக்கர் நிறுவனத்தின் ஊழியராகவோ அதன் விற்பனைப் பிரதிநிதியாகவோதான் இருக்க முடியும்.

ஏஜெண்டுக்கும் புரோக்கருக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஏஜெண்ட் என்பவர் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஆள். அந்த நிறுவனத்தின் பாலிசியைத்தான் அவர் நமக்குக் காட்டுவார். வங்கியில் கடன் வாங்கும்போது மேசைக்கு மறுபுறம் இருந்து பாலிசியை நீட்டுபவரும், வங்கியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனங்களின் பாலிசியையே நீட்டுகிறார். புரோக்கரோ நம் தரப்பு ஆள். பல நிறுவனங்களிடம் விலை கேட்டு, நிபந்தனைகளை ஒப்பிட்டு, நமக்கு எது பொருந்தும் என்று சொல்வதும், இழப்பு நேர்ந்தபின் கிளைமுக்கு, அதாவது இழப்பீடு கோருவதற்கு, உதவுவதும் அவருடைய கடமை. அவருக்குக் கூலி இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து கமிஷனாகப் போகிறது. அது நாம் கட்டும் பிரீமியத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நம் தரப்பு ஆளுக்கு எதிர்த்தரப்பு கூலி கொடுப்பது ஒரு விசித்திரமான ஏற்பாடுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் கமிஷன் எவ்வளவு என்று நாம் கேட்டால் புரோக்கர் சொல்லியாக வேண்டும் என்று விதிகள் வைத்திருக்கிறார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

புரோக்கர் தேவையில்லாத இடங்கள்

எல்லாவற்றுக்கும் புரோக்கரைத் தேடி ஓட வேண்டியதில்லை. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஜீவன் ஜோதி திட்டத்தில் 436 ரூபாய்க்கு, எக்காரணத்தால் இறந்தாலும் 2 இலட்சம் கிடைக்கும், ஆனால் சேர்வதற்கு 50 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே எழுதிக் கொடுக்கலாம். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 இலட்சம் ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். அதற்கு மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை தகுதியுள்ள குடும்பங்களுக்கு இலவசம். ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானைப் பக்கம் நெல் போட்டிருப்பவர்களும், முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் குண்டு மிளகாய் போட்டிருப்பவர்களும் பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பொதுச் சேவை மையத்துக்கோ போனால் போதும். இவற்றில் எதையாவது 'எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்பவர் மேலே சொன்ன பழைய வகைப் புரோக்கர்.

ஒரு மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இன்சூரன்ஸ் வேண்டும் என்றாலும் புரோக்கரால் பெரிய லாபம் இல்லை. விசைப்படகு, ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் கிடங்கு, இராமேசுவரத்தில் யாத்ரீகர்களுக்கான விடுதி, இறால் பண்ணை, நான்கைந்து வண்டிகள், பெற்றோரையும் சேர்த்த மருத்துவப் பாலிசி என்று நிபந்தனைகள் சிக்கலாகும் இடத்தில்தான் புரோக்கருக்கு வேலை. பாலிசியின் அருமை வாங்கும் நாளில் தெரியாது, படகு மணல்திட்டில் ஏறி நிற்கும் நாளில்தான் தெரியும். அந்த நாளை மனத்தில் வைத்து இப்போதே ஆளையும் காகிதத்தையும் சரிசெய்துகொள்வதைப் பற்றித்தான் இனி எழுதுகிறேன்.

தேடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

புரோக்கரிடம் வெறுங்கையோடு போனால் அவர் தோராயமான விலை ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஆகவே முதலில் ஒரு கோப்பு தயாரியுங்கள். படகு என்றால் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், படகு கட்டிய ஆண்டு, நீள அகலம், மரமா ஃபைபரா இரும்பா என்ற விவரம், என்ஜின் எண், குதிரைத்திறன், வலை, ஜிபிஎஸ், வயர்லெஸ் ஆகியவற்றின் பில்கள், கடன் இருந்தால் வங்கியின் கடிதம் ஆகியவை வேண்டும். கடன் இருக்கும் படகின் பாலிசியில் வங்கியின் பெயரும் ஏறும். இழப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்குப் போகும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கட்டடம் என்றால் கட்டட அளவு, கூரை வகை, கடலிலிருந்து எவ்வளவு தூரம், உள்ளே இருக்கும் இயந்திரங்களின் பட்டியல், சராசரியாக இருப்பில் உள்ள சரக்கின் மதிப்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைப்பேசியில் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால் நாளும் பதிவாகிவிடும்.

மதிப்பு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதுவும் தாமே தம்மை ஏமாற்றிக்கொள்கிறார்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று 40 இலட்சம் மதிப்புள்ள சொத்தை 20 இலட்சத்துக்குக் காப்பீடு செய்வார்கள். 10 இலட்சம் அளவுக்குச் சேதம் வந்தால், காப்பீட்டுத் தொகை 20 இலட்சம் இருக்கிறதே, 10 இலட்சமும் வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே சேதத்திலும் பாதிதான் எங்கள் பொறுப்பு என்று நிறுவனம் 5 இலட்சத்தைத்தான் கணக்கிடும். அதிலும் நாமே ஏற்க வேண்டும் என்று பாலிசியில் சொல்லப்பட்ட கழிவு போக மீதிதான் கைக்கு வரும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தரும் பாலிசிகள் மூன்று இருக்கின்றன. அவற்றுள் வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இப்படி விகிதம் பார்த்துக் குறைக்கும் வழக்கம் இல்லை. ஓரிடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட தொழிற்கூடங்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், மதிப்பு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் போனால் கணக்குப் பார்ப்பார்கள். மண்டபத்திலும் தொண்டியிலும் உள்ள பெரும்பாலான ஐஸ் கம்பெனிகளும் மீன் கிடங்குகளும் இந்த இரண்டாவது வகைக்குள்தான் வரும். புயல், வெள்ளம், தீ மூன்றும் இவற்றில் அடங்கும்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

இராமநாதபுரத்தில் புரோக்கர் நிறுவனங்களின் அலுவலகங்கள் அதிகம் இல்லாததால் மதுரையிலோ சென்னையிலோதான் தேட நேரும். அது ஒரு குறையே அல்ல. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் இந்த வேலை நடக்கும். ஆனால் சேதம் நேர்ந்த அன்று ஊருக்கு வந்து நிற்கக்கூடிய ஆள் அவர்களிடம் இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். ஐஆர்டிஏஐயின் இணையதளத்தில் பதிவு பெற்ற புரோக்கர்களின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர், பதிவு எண், பதிவு எந்த நாள் வரை செல்லும், எந்த வகைக்கான பதிவு என்ற நான்கையும் அதில் ஒத்துப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் பதிவு பெற்றவர், படகுக்குப் பாலிசி எடுத்துத்தர முடியாது. பொதுக் காப்பீட்டுக்கும் சேர்த்துப் பதிவு இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரிலேயே 'இன்சூரன்ஸ் புரோக்கர்' அல்லது 'இன்சூரன்ஸ் புரோக்கிங்' என்ற சொற்கள் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே 'கன்சல்டன்சி', 'சர்வீசஸ்' என்று மட்டும் பலகை வைத்திருப்பவரிடம் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. புரோக்கர் செய்யும் தவறினால் வாடிக்கையாளருக்கு ஏற்படும் நஷ்டத்தை ஈடுசெய்ய அவர்களே ஒரு பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்க வேண்டும். அதுவும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்கலாம்.

பதிவு சரியாக இருப்பது நுழைவாயில் மட்டுமே. அதற்குப் பிறகு கேட்க வேண்டியவை வேறு. இதற்கு முன் மீன்பிடிப் படகுகளுக்குப் பாலிசி எடுத்துத் தந்திருக்கிறீர்களா? எந்தெந்த நிறுவனங்கள் மரப் படகை ஏற்கின்றன? கடைசியாக எந்தக் கிளைமை முடித்துக் கொடுத்தீர்கள், எத்தனை மாதம் ஆயிற்று, எவ்வளவு கழித்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் சொல்பவரை நம்பலாம். 'எங்களிடம் எல்லாக் கிளைமும் நூற்றுக்கு நூறு வந்துவிடும்' என்பவர் கிளைமையே பார்த்திராதவர். பிரீமியத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்பவரையும் ஒதுக்கிவிடுங்கள். 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, வாங்குகிறவரும் குற்றவாளிதான், அபராதம் 10 இலட்சம் ரூபாய் வரை போகலாம். உங்கள் ஊர்ச் சங்கத்தில் பாலிசி வைத்திருக்கும் சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், இரண்டு பேரிடம் விசாரிப்பது, இணையத்தில் இருக்கும் நட்சத்திரக் குறிகளைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

ஆளை முடிவு செய்ததும், உங்கள் சார்பில் நிறுவனங்களிடம் விலை கேட்கத் தமக்கு அதிகாரம் அளிக்கும் கடிதம் ஒன்றில் உங்கள் கையெழுத்தைக் கேட்பார். எந்தச் சொத்துக்கு, எந்தக் காலத்துக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒரே படகுக்கு மூன்று புரோக்கர்களிடம் கடிதம் கொடுப்பது கெட்டிக்காரத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்கு ஒரே படகின் விவரம் மூன்று கைகளிலிருந்து மூன்று விதமாகப் போய்ச் சேரும். எந்த விவரம் உண்மை என்று தெரியாமல் நிறுவனம் தயங்கும்.

உள்ளதை உள்ளபடி சொல்வது

விலை கேட்பதற்கு முன் புரோக்கர் உங்களிடம் கேள்விகள் கேட்பார், பிறகு முன்மொழிவுப் படிவத்தை நிரப்புவார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முன்பு நேர்ந்த விபத்து, வேறு நிறுவனம் மறுத்த செய்தி, படகின் வயது, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் எதையும் மறைக்கக்கூடாது. மறைத்தால் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சமாகலாம். பிறகு கிளைமையே மறுக்க அது ஒன்று போதும். மருத்துவப் பாலிசியில் முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஆகவே நோயைச் சொல்லிச் சேர்ந்து மூன்று ஆண்டு பொறுத்திருப்பதுதான் பாதுகாப்பான வழி.

படகுக்காரர்கள் இந்த இடத்தில் நிதானித்துப் பேச வேண்டிய விஷயம் எல்லை. பாக் நீரிணையில் வலை விரிப்பவர் யாருக்கும் அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பொதுவாகப் படகுப் பாலிசிகளில் போர், பிடித்து வைத்தல், பறிமுதல் செய்தல், தடுத்து வைத்தல் ஆகியவற்றால் வரும் இழப்பு விலக்கப்பட்டிருக்கும். அனுமதிக்கப்பட்ட கடற்பரப்புக்கு வெளியே நேர்ந்த விபத்தையும் ஏற்கமாட்டார்கள். அதாவது இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகுக்கு, சாதாரணப் பாலிசியை நம்பி இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. இதை வாய்மொழியாகக் கேட்டால் 'பாத்துக்கலாம் அண்ணே, எல்லாம் கவர் ஆகும்' என்ற பதில்தான் வரும். ஆகவே எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கடற்பரப்பு வரை காப்பீடு செல்லும்? வாடைக்காலத்தில் பாம்பன் வடகடலில் நங்கூரம் இழுத்துக்கொண்டு படகுகள் ஒன்றோடொன்று மோதினால் பகுதிச் சேதத்துக்கும் பணம் உண்டா, அல்லது படகு முழுவதும் போனால் மட்டும்தானா? தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது தீப்பிடித்தால்? வலையும் ஐஸ் பெட்டியும் தனியே சேர்க்க வேண்டுமா? படகில் வரும் தொழிலாளர்களுக்கு நேரும் விபத்து இந்தப் பாலிசியில் சேராது என்றால் அதற்கு வேறு என்ன எடுக்க வேண்டும்? ஐந்து கேள்விகளையும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி, பதிலையும் அப்படியே வாங்கி வையுங்கள்.

விலைகள் வந்தபின் பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கேட்கும் நிறுவனம், ஒவ்வொரு கிளைமிலும் நாம் ஏற்க வேண்டிய கழிவுத் தொகையை ஐம்பதாயிரம் உயர்த்தி வைத்திருக்கலாம். பகுதிச் சேதத்தையே எடுத்துவிட்டு முழு இழப்பை மட்டும் வைத்திருக்கலாம். புரோக்கரிடம் ஒரே தாளில் ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்; அது அவர் செய்ய வேண்டிய வேலைதான். மருத்துவப் பாலிசியாக இருந்தால், பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதி இராமநாதபுரத்தில் எந்த மருத்துவமனையில், மதுரையில் எந்தெந்த மருத்துவமனைகளில் உண்டு என்ற பட்டியலைக் கேளுங்கள். இதய நோய்க்கும் விபத்துக்கும் நாம் மதுரைக்குத்தான் ஓடுகிறோம் என்பதால், இராமநாதபுரத்தை மட்டும் பார்த்து வாங்குவது அரைகுறை வேலை. தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிக்கும் ஆயுள் பாலிசிக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. விலைப்பட்டியலில் அது சேர்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பணம் கட்டுதல், பாலிசியைப் படித்தல்

பிரீமியம் நிறுவனத்துக்குப் போய்ச் சேராமல் காப்பீடு தொடங்காது என்பது 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு. எனவே காசோலையானாலும் யுபிஐ ஆனாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயருக்கே கட்டுங்கள். பிரதிநிதியின் கூகுள் பே எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். கட்டிய ரசீதில் நாளும் நேரமும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவான செய்தி வந்தபிறகு புதிதாகப் பாலிசி கேட்டால் நிறுவனங்கள் தயங்கும். மழைக்காலத்தில் பாலிசி இல்லாமல் அகப்பட்டுக்கொள்ளாதிருக்கத் தடைக்காலத்திலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது. அப்போது படகும் கரையில் இருக்கும், மீன்வளத் துறையின் ஆண்டு ஆய்வும் நடக்கும், படகின் நிலையை மதிப்பிடும் சர்வேயர் வந்தால் அடிப்பலகை வரை பார்த்துவிட்டுப் போகலாம்.

பாலிசி வந்ததும் முதல் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெயர், பதிவு எண், என்ஜின் எண், முகவரி, காப்பீட்டுத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள். மண்டபத்தில் விசைப்படகு வைத்திருந்த என் தாய்மாமா ஒரு தடைக்காலத்தில் பழைய என்ஜினை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினார். பாலிசி எடுத்துத் தந்தவரிடம் வாய்மொழியாகச் சொல்லவும் செய்தார். 'அது ரெனியூவலில் மாத்திக்கலாம் அண்ணே' என்று பதில் வந்தது. மார்கழியில் நங்கூரக் கயிறு அறுந்து படகு பாறையில் ஏறியது. உடைந்த பலகைக்குப் பணம் வந்தது. என்ஜினுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை, ஏனென்றால் பாலிசியில் இருந்த எண்ணுள்ள என்ஜின் அந்தப் படகிலேயே இல்லை. அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, காகிதத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. புரோக்கரானாலும் ஏஜெண்டானாலும், நடு ஆண்டில் நேரும் எந்த மாற்றத்தையும் எழுத்தில் அனுப்பி, பாலிசியில் திருத்தச் சீட்டு சேர்க்கப்பட்டு வந்துவிட்டதா என்று பார்க்கும்வரை விடக்கூடாது என்பதை நாங்கள் அப்படித்தான் கற்றோம். என்ஜின், புதிய வலை, படகு வேறு ஊர்த் துறைக்கு மாறுவது, கிடங்கில் மேல்தளம் கட்டுவது, வீட்டின் ஒரு பகுதியை விடுதியாக்குவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஆயுள் பாலிசியும் மருத்துவப் பாலிசியும் பிடிக்கவில்லை என்றால், கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு கழிவுகள் போக மீதிப் பணம் வரும். வங்கி மேசையில் அவசரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு, ஆனால் பலர் பாலிசி உறையைப் பிரிக்காமலேயே பீரோவில் வைத்துவிடுகிறார்கள். நியமனதாரர் (நாமினி) பெயரையும் அப்போதே பாருங்கள். திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் தாயின் பெயரே தொடர்ந்து இருப்பதையும், அந்தத் தாய் காலமாகிப் பல ஆண்டுகள் ஆனதையும் இந்தக் கரையில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சேதம் நேர்ந்த நாள்

முதலில் உயிர். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களுக்குத்தான் முதல் அழைப்பு. கரைக்கு வந்ததும் அன்றே புரோக்கருக்கும், பாலிசியில் உள்ள நிறுவனத்தின் எண்ணுக்கும் தகவல் சொல்லுங்கள். புரோக்கரிடம் சொன்னது நிறுவனத்திடம் சொன்னதாகாது. நிறுவனம் தரும் கிளைம் எண் உங்கள் கைக்கு வந்தபிறகுதான் தகவல் போய்ச் சேர்ந்ததாகப் பொருள். கடலோரக் காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அன்று படகு கடலுக்குப் போனதற்கான அனுமதி டோக்கனைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாமல் போன படகுக்கு நிறுவனம் கேள்வி எழுப்பும்.

சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது நம் பொறுப்பு. தண்ணீர் இறைப்பது, படகைக் கட்டி வைப்பது, நனையாத சரக்கை மேட்டுக்கு மாற்றுவது ஆகியவற்றை உடனே செய்ய வேண்டும், செலவுக்கு ரசீதும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சர்வேயர் வந்து பார்க்கும் முன் உடைந்த பலகையைப் பிடுங்கி எறியவோ, கெட்டுப்போன ஐஸ் பெட்டிகளைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடவோ கூடாது. 2020 டிசம்பரில் புரெவி பாம்பனை ஒட்டி வந்து வலுவிழந்தபோது பெய்ததுபோன்ற மழையில் கருவாடு நனைந்துவிட்டால், நாற்றம் தாங்காமல் அதை அப்புறப்படுத்தத்தான் தோன்றும். அப்புறப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி அனுமதி வாங்கி, எடைபோட்டு, படமும் காணொளியும் எடுத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு குறிப்பு எழுதிய பிறகு செய்யுங்கள்.

சர்வேயர் இன்சூரன்ஸ் நிறுவனம் நியமிப்பவர். உரிமம் பெற்ற தனி வல்லுநர். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் வரும் நாளில் புரோக்கரின் ஆளும் உடன் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஆள் தேர்வின்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் விடை தெரியும். படகு கட்டும் ஆசாரியின் மதிப்பீடு, என்ஜின் மெக்கானிக்கின் மதிப்பீடு, பொருட்களின் பழைய பில்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்து, கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேய்மானம் கழிப்பார்கள் என்பதை எதிர்பார்த்திருங்கள். எவ்வளவு, எந்த அடிப்படையில் என்று தெரிந்துகொள்ள அறிக்கையின் நகலைக் கேளுங்கள். முழுமையாக ஒப்புக்கொண்டு பெறுகிறேன் என்ற வாசகமுள்ள தாளில், தொகை சரியில்லை என்று நினைத்தால், கையெழுத்திடும் முன் புரோக்கரிடமும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமும் கலந்து பேசுங்கள்.

ஒத்துவராதபோது

நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ அதே புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 இலட்சம் ரூபாய் வரை அவரால் தீர்ப்பளிக்க முடியும். 2021இல் விதி திருத்தப்பட்டபிறகு புரோக்கரின் சேவைக் குறைபாட்டைப் பற்றியும் அவரிடமே புகார் கொடுக்கலாம். ஆனால் அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் அவர் எடுத்துக்கொள்ளமாட்டார், ஆகவே எந்த வாசலைத் தட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அங்கே மனு செய்ய வேண்டும். சிறு தொகைக்கு, என் கருத்தில், குறைதீர்ப்பாளரே எளிய வழி.

நிறுவனத்தின்மேல் குறை இல்லாமல் புரோக்கர்மேல்தான் குறை என்றால், பாலிசியை ரத்துச் செய்ய வேண்டியதில்லை. இனி எங்கள் சார்பில் இன்னார் செயல்படுவார் என்று நிறுவனத்துக்கும், உங்கள் அதிகாரக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று பழைய புரோக்கருக்கும் ஒரே நாளில் எழுதி அனுப்புங்கள். புதுப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பாக இதைச் செய்தால் புதியவருக்கு விலை கேட்கப் போதிய அவகாசம் இருக்கும். முன்மொழிவுப் படிவத்தின் நகல், திருத்தச் சீட்டுகள், பழைய கிளைம் கடிதங்கள் ஆகியவற்றைப் பழையவரிடமிருந்து வாங்கிக்கொண்ட பிறகு புதியவரிடம் போங்கள்.